பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

மார்ச் 4

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. அதற்குக் கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். எனக்கு இப்போது அதைவிடப் பெரிய கவலை இருக்கிறது.

ஊரில் இணையம் இல்லை. ஊர்வலம் நடந்த மறுநாள் காலையிலேயே வெட்டிவிட்டார்கள். போனில் பேசலாம். ஆனால் பேச்சுக்கு நடுவில் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது என்று கடையில் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால்தான் தபால். உனக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ ஹாஸ்டலில் இருந்தபோது, என் நீல ஸ்வெட்டரைத் திருப்பித் தரச்சொல்லி. அது இன்னும் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு இறங்கியவரை அப்படியே ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். கண்டக்டர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்பாய். உன் வீடியோவால்.

நான் என்ன செய்தேன்? கண்ணாடிக் கடையின் மாடி ஜன்னலில் நின்று, ஒரு கையில் யாருடைய மூக்குக்கண்ணாடி ஃபிரேமையோ பிடித்துக்கொண்டு, மறு கையால் எடுத்தேன். ஓட்டு எண்ணிக்கையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு ஜனங்கள் நகராட்சி ஆபீசுக்குப் போகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது என் வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ். அதைக் குடும்ப குரூப்பில் போட்டேன். உனக்குத் தனியாகவும் அனுப்பினேன். வீட்டு ஆட்கள் பார்க்கத்தான் அனுப்பினேன், அக்கா. நீ உலகத்துக்கே காட்டிவிட்டாய்.

காட்டியதாவது சும்மா காட்டினாயா? கல்யாண வீடியோ வெட்டுகிற கை சும்மா இருக்குமா? இருட்டாக இருந்த முகத்துக்கு வெளிச்சம் ஏற்றி, கிட்டே கொண்டுவந்து, மெதுவாக நகரவைத்து, பின்னால் ரத்தம் கொதிக்கிற மாதிரி ஒரு பாட்டைப் போட்டு விட்டாய். மாப்பிள்ளை மேடைக்கு வருகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார் மனுஷர். அந்தப் படத்தை நிறுத்திவைத்துக் காட்டித்தான் ஸ்டேஷனில், "இது நீதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வார்? உன் புண்ணியத்தில் மச்சம்கூடத் தெரிகிறது.

பஸ்ஸைக் குறுக்கே போட்டு சாலையை மறித்தார், கோஷம் போட்டுக் கூட்டத்தைத் தூண்டினார் என்று வழக்கு.

தெருமுனையில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். இணையம் போவதற்குள் குரூப்பில் எல்லாருக்கும் அழித்தேன். என் போனிலும் அழித்துவிட்டேன். நீயும் அழி. போட்ட இடத்தில் மட்டும் இல்லை, உன் கம்ப்யூட்டரில்கூட ஒரு துண்டு இருக்கக்கூடாது. இதையாவது சொன்னபடி செய்.

தங்கை


மார்ச் 12

குட்டி,

உன் கடிதத்தை ஸ்டுடியோ வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே வந்து முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்தேன். போட்ட இடம், போன், கம்ப்யூட்டர், தனியாக எடுத்துவைத்த காப்பி, ஒன்று விடவில்லை. திட்டியது போதாது என்றால் இன்னும் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லவிடு. அன்று சாயங்காலம் உங்கள் அரசாங்க டிவியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? நகராட்சி ஆபீஸ் வட்டாரம் அமைதியாக இருக்கிறது, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை என்றார்கள். இங்கே வெளிநாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் கையில் ஒரு தெரு நிறைய ஜனம் இருக்கிறது. அதில் என் மாப்பிள்ளை நிற்கிறார். பெருமையாக இருந்தது, குட்டி. பார்க்கட்டும் என்று போட்டேன். பார்த்தார்கள். நீ நம்பமாட்டாய், இங்கே செய்தியில் உங்கள் ஊர் பெயர் முதல்தடவையாக வந்ததே அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒலி பார்க்கிறவர் வேறு நாட்டுக்காரர். அவரிடம் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "எங்க ஊர்ல முதல் வருஷம் இந்த இணையத்தை வச்சுத்தான் ஒருத்தரை ஒருத்தர் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டம் சேர்ந்தோம், பெரிய நாற்காலியே ஆடிப்போச்சு. ரெண்டாவது வருஷம் அதே பக்கங்களை வச்சு ஒவ்வொரு வீடா வந்து எங்களைத் தேடுனாங்க" என்றார். பிடித்துக்கொண்டுபோன அவர் அண்ணன் இன்னும் வரவில்லையாம். சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இங்கே என் வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள். அந்தத் தைரியத்தில் பட்டனை அழுத்தினேன், தட்டு உன் கதவில் விழுந்தது. இதை நீ எழுதவில்லை. ஆனால் வரிக்கு வரி தெரிகிறது.

மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா? உன் மாமியார் எப்படி இருக்கிறார்கள்? ஒரு வரி எழுது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் யாரோ படித்திருக்கிறார்கள். திருப்பி ஒட்டத் தெரியவில்லை, உறை முழுக்கப் பசை. படிக்கிற ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: கொஞ்சமாகத் தடவுங்கள், கடிதமும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது.

அவரைப் பார்க்கவிட்டார்கள். நடுவில் கண்ணாடி. துடைத்துப் பல நாள் ஆகியிருக்கும். எனக்குக் கையெல்லாம் துறுதுறுத்தது, தொழில் புத்தி. என்ன கேட்டார் தெரியுமா? என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "ஹேண்ட் பிரேக் போட்டேனான்னு டிப்போல கேட்டுப்பாரு" என்றார். அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது. இளைத்துவிட்டார்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். அந்த வீடியோ வேண்டும்.

அவருக்காக வாதாடுகிற வக்கீலம்மா, நாம் அழித்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ் கையில் இருப்பது நீ வெட்டியதிலிருந்து யாரோ பிடுங்கிய ஒரு சின்னத் துண்டு. "கலகக்கார டிரைவர்" என்று பெயர் வைத்து ஊர் ஊராகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அது அழியவில்லை, வெளியூரில் இன்னும் ஓடுகிறதாம். நான் எடுத்த முழுசில்தான் உண்மை இருக்கிறது. ஒரு பெரியவர் பஸ்ஸுக்கு முன்னால் தடுக்கி விழுந்தார். அவர்மேல் ஏறாமல் இருக்க இவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார், பஸ் குறுக்கே நின்றது. அந்த இடத்தை நீ வெட்டிவிட்டாய், சலிப்பாக இருக்கிறது என்று. கையைத் தூக்கியது தள்ளாதீர்கள் என்று சொல்ல. அதன்மேல் பாட்டைப் போட்டுவிட்டாய். பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரத் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்லமுடியாது. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன்.

அழி என்று சொன்னதும் நான்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. திருட்டுத்தனமாக ஒரு காப்பி வைத்திருந்தாயானால் நான் திட்டமாட்டேன். காலில் விழுகிறேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. இதையும் கேட்காமல் இருந்திருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பென் டிரைவில் போட்டு வக்கீலம்மா ஆபீசுக்குக் கூரியர் செய்.

தங்கை


மார்ச் 29

குட்டி,

இல்லை.

ஒருதடவைதான் உன் சொல் கேட்டேன், அதுவும் இப்படி ஆயிற்று. எங்கள் தொழிலில் கல்யாண வீட்டாருக்கு வீடியோ கொடுத்தபிறகு பழையதைச் சும்மா அழிப்பதில்லை. யாருடைய கல்யாணமும் வெளியே போகக்கூடாது என்று அதன்மேல் வேறு எதையாவது எழுதித் துடைத்துவிடுவோம். அதே மாதிரி செய்துவைத்திருக்கிறேன். ஒலிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து, தெரிந்த மென்பொருளையெல்லாம் போட்டுத் தோண்டிப் பார்த்தார். யாரோ ஒரு மணப்பெண்ணின் பாதி முகம்தான் வந்தது.

இணையத்தில் விட்டது எதுவும் அழியாது என்பார்களே, அதை நம்பி இரவு பகலாகத் தேடினேன். எங்கே பார்த்தாலும் அந்தத் துண்டுதான். நான் ஏற்றிய வெளிச்சம், நான் போட்ட பாட்டு, கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதிய வசவு. என் கைவேலையை நானே பார்க்கக் கூசியது.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்றே எனக்குத் தெரியாது. வீடியோ கைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் சத்தத்தை அணைப்பது. கல்யாண வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? நாற்காலி இழுக்கிறது, குழந்தை அழுகிறது, யாரோ சாவியைத் தேடுகிறார். அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டைப் போடுவோம். என் தங்கை வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்துக் கத்தியிருக்கிறார், நான் கேட்கக்கூட இல்லை.

டிக்கெட் எடுத்துவிடட்டுமா? நான்தான் வெட்டினேன், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வந்து சொல்கிறேன். பதில் போடு. என்னால் வேலையில் உட்காரமுடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

டிக்கெட் எடுக்காதே. எடுத்திருந்தால் ரத்து செய். நிதானமாக உட்கார்ந்து படி. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இதோ பக்கத்து அறையில் குப்புறப் படுத்துக் குறட்டை விடுகிறார். இந்தக் குறட்டையை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்! இப்போது கதவைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவர் குரல். "தள்ளாதீங்க! பார்த்து இறங்குங்க!" ஒரு செருப்போடு ஓடினேன், அக்கா. விட்டுவிட்டார்கள், வந்துவிட்டார் என்றே நினைத்தேன். உள்ளே அத்தை கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்திருந்தார்கள்.

என் மாமியார் போன் உனக்குத் தெரியும். பேட்டரி செத்து, எந்நேரமும் சுவரில் வயரோடு கிடக்கும். அதனால் வெளியே போனதில்லை, தெருமுனையில் யாரும் பிடுங்கவும் இல்லை. காலை வணக்கப் பூ, முட்டிவலிக்கு எலுமிச்சை, வானத்தில் இரண்டு நிலா தெரியப்போகிறது என்று இந்த அம்மா எல்லாருக்கும் அனுப்புகிற அத்தனை குப்பையும் அதில்தான் இருக்கிறது. நாம் எல்லாருமே அவர்களிடமிருந்து வருவதற்குச் சத்தத்தை அணைத்துவைத்திருந்தோம், நீயும்தான். இடமில்லை, இடமில்லை என்று போன் ஒரு வருஷமாகக் கதறுகிறது. எதையும் அழிக்கவிடமாட்டார்கள்.

"அத்தை, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீதான அனுப்புன. அப்புறம் நீயே அழிச்ச. என் போன்ல வர்றதெல்லாம் தானா உள்ள போய் உக்காந்துக்கும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா இதையும் அழிச்சிருப்ப. என் புள்ள பேசுறது இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு."

தினமும் மதியம், நான் கடையில் இருக்கும்போது, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்று வயர் எட்டாமல் இடம் மாறி உட்கார்ந்ததில் கை பட்டுச் சத்தம் கூடிவிட்டதாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நீயும் நானும் நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

உடனே வக்கீலம்மாவிடம் ஓடவில்லை. எனக்குத் திடீரென்று பயம் பிடித்தது. இதைக் கோர்ட்டில் கொடுத்தால் இவர் வெளியே வருவார். அதில் இருக்கிற மற்ற முகங்கள்? என் புருஷனை மீட்க ஒரு தெருவையே பிடித்துக்கொடுப்பதா? போனைக் கடைக்கு எடுத்துப்போய், ஷட்டரை இறக்கி, லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். நம்ம ஜன்னலில் வெயிலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது, அதன் வழியாக எடுத்தது. எல்லாம் கரிக்கோடு மாதிரி இருக்கிறது. ஒரு மூக்கு, ஒரு கண் தெரியவில்லை. இவரைக்கூட யூனிஃபாரத்தையும் பஸ்ஸையும் வைத்துத்தான் அடையாளம் சொல்லமுடியும். நீ வெளிச்சம் போட்டதும் நல்லவேளை இவர் ஒருவருக்குத்தான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கோர்ட்டில் அரசாங்க வக்கீல், ஒன்றுமே தெரியவில்லையே என்று சிரித்தார். வக்கீலம்மா, "தெரிய வேண்டாம், கேட்டால் போதும்" என்றார். சத்தம் வைத்தார்கள். "பெரியவர் கீழ கிடக்கார், மிதிச்சிடாதீங்க! பின்வாசல் வழியா இறங்குங்க! பையை மறந்துடாதீங்க!" பையை மறந்துடாதீங்க என்றதும் பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதி மறுபடி போடச்சொன்னார். கலகம் பண்ணுகிறவன் பையை ஞாபகப்படுத்துவானா என்று கேட்டார். அவ்வளவுதான்.

அத்தையைக் கூண்டில் ஏற்றி, இது உங்கள் போன்தானா என்று கேட்டபோது, "ஆமா. பார்த்துட்டுத் திருப்பிக் குடுங்க. உள்ள நெறைய முக்கியமான விஷயம் இருக்கு" என்றார்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததாம். டிப்போவில் சொன்னார்கள்.

தங்கை


ஏப்ரல் 18

குட்டி என் கண்ணே,

ஸ்டுடியோவில் கத்திவிட்டேன். ஒரு மணமகன் வீட்டார் பாட்டு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள், பயந்துபோனார்கள். ஒலிக்காரரிடம் கடிதத்தைத் தமிழில் படித்து, அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, நடுநடுவே மூக்கைச் சிந்தி, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் இதுவரை யாருக்கும் டீ போட்டதில்லை.

உன் மாமியார் எனக்கு இனி தினமும் நூறு பூ அனுப்பட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் வணக்கம் போடுவேன் என்று சொல்.

எனக்கு இன்றைக்கு வேறு எதுவும் எழுதவரவில்லை. நன்றாகத் தூங்கப்போகிறேன். நீயும் தூங்கு.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

பார், போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை இணையம் வந்துவிட்டது. தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து கொட்டியதில் கடையில் எல்லார் போனும் கத்தின. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் எழுத்தைப் படிப்பதை விட்டுவிட்டு மகள் படத்தைப் பார்த்து அழுதார். இருந்தும் இதைத் தபாலில்தான் எழுதுகிறேன். யோசித்து எழுதப் பழகிவிட்டது.

அவர் பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆனால் சரியாக இல்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டார். "நான் போராடலைன்னு சொல்லித்தான் என்னை விட்டாங்க. போராடுனவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க. அவங்க கேட்டதுல என்ன தப்பு? போட்ட ஓட்டை எண்ணுன்னாங்க. நானும்தான் ஓட்டுப் போட்டேன்" என்றார். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பாட்டு வாத்தியார், அக்கா தங்கை இரண்டு பேர், எல்லாரும் இன்னும் அங்கேதான். பஸ்ஸை அடித்து நொறுக்க வந்த கூட்டம் என்று அவர்கள்மேல் வழக்கு.

அப்போதுதான் அத்தையின் போனை வாங்கி மறுபடி பார்த்தோம். முன்னால் எல்லாம் நான் இவரை மட்டும்தான் பார்த்தேன். கூட்டம் என்ன செய்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன், அக்கா. விழுந்தவரை நாலு பேர் தூக்கி ஓரமாக உட்காரவைக்கிறார்கள். இறங்குகிறவர்களுக்குக் கையைக் கோத்து வழிவிடுகிறார்கள். ஒரு பெண் யாருடைய குழந்தையையோ வாங்கி அந்தப் பக்கம் சேர்க்கிறாள். முகம் தெரியாது. செய்வது தெரிகிறது.

உள்ளே இருக்கிறவர்களின் வீட்டாரையெல்லாம் வக்கீலம்மா ஆபீசில் கூட்டிவைத்துக் காட்டினோம். வெளியே விடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். வாத்தியாரின் மனைவி இன்னொரு தடவை போடச்சொல்லிப் பார்த்தார். பிறகு, "போடுங்க, உலகம் பார்க்கட்டும்" என்றார். நீ எழுதிய அதே வார்த்தை. அன்று எனக்கு அது சுட்டது.

பென் டிரைவ் இத்துடன் வருகிறது. பசைக்கார ஐயா, இது ஏற்கெனவே கோர்ட்டில் ஓடியதுதான், பயப்படாமல் பாருங்கள்.

அக்கா, இதைப் போடு. வெளிச்சம் ஏற்றாதே. வெட்டாதே. பாட்டு வேண்டாம்.

உன் தங்கை

பி.கு. ஸ்வெட்டர்.


மே 10

குட்டிக்கு,

போட்டுவிட்டேன். எடுத்தபடி, இருட்டோடு. கை பரபரத்தது, மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். முதலில் பார்த்தது யார் என்று நினைக்கிறாய்? உன் மாமியார்தான். கீழே ஒரு பூங்கொத்தும் இனிய காலை வணக்கமும். அதற்கடியில் வேறு வேறு ஊர்க்காரர்கள் வேறு வேறு மொழியில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வழக்கம்போல வசவும் உண்டு. ஆனால் அந்த நாலு பேர் பெரியவரைத் தூக்குவதை எல்லாரும் பார்க்கிறார்கள். வாத்தியாருக்கும் மற்றவர்களுக்கும் ஜாமீன் மனு எப்போது என்று எழுது.

போடுவதற்கு முன்னால், முதல்தடவையாகச் சத்தம் வைத்துக் கேட்டேன். ஒலிக்காரர் தன்னுடைய ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை கத்துவது, கூட்டம், ஹாரன் எல்லாம் கேட்டது. கடைசியில், பஸ் காலியானபிறகு, போனுக்குப் பக்கத்தில் உன் குரல் கேட்கிறது. கடையில் யாரிடமோ சொல்கிறாய். நீ சொன்னதே உனக்கு ஞாபகம் இருக்காது. அதன்மேல்தான் நான் பாட்டைப் போட்டிருந்தேன்.

"எங்க அக்காவுக்கு அனுப்பணும். பார்த்தா ரொம்ப சந்தோஷப்படுவா" என்கிறாய்.

கேட்டேன், குட்டி. ரொம்ப சந்தோஷம்.

ஸ்வெட்டர் தனியாக வருகிறது.

அக்கா